ஜெயபாண்டியின் வெந்நீர்த் தொட்டி

திருப்பூரில் பத்தொன்பது வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஜெயபாண்டியை அந்த வேலையிலிருந்து வெளியே அனுப்பியவை அவருடைய கைகள்தான். முதலில் விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தது. பிறகு உள்ளங்கை வெடித்தது. வெடிப்பில் சோடா கலந்த தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். மூன்றாவது முறை போனபோது தோல் மருத்துவர் எதையும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தார்.

"நான் எத்தனை களிம்பு எழுதினாலும் நீங்க நாளைக்குப் போயி அதே சாயத்துலதான் கையை விடப் போறீங்க. வேற வேலைக்குப் போங்க. சாயமும் மருந்தும் இல்லாத வேலையாப் பாருங்க."

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வயதில் திருப்பூர் வந்தவர் ஜெயபாண்டி. வேறு வேலை தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சூடு. எத்தனை கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அதை எவ்வளவு வேகத்தில் சூடேற்றுவது, அறுபது டிகிரியில் எத்தனை நிமிடம் நிறுத்துவது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இரண்டு டிகிரி தவறினால் ஒரு லாட் துணியே வேறு நிறத்துக்குப் போய்விடும். அப்படி அவர் கையில் எதுவும் போனதில்லை.

பட்டறைக்கு விறகு கொண்டுவரும் லாரிக்காரர்தான் வழி சொன்னார். கொமரலிங்கத்தில் பொன்னுச்சாமி என்று ஒருவர் ஒரு ஏக்கரில் பப்பாளி போட்டிருக்கிறார், தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு பழ வண்டியையும் ஓட்ட ஆள் தேடுகிறார் என்றார். ஜெயபாண்டியிடம் லைசென்ஸ் இருந்தது. மனைவி சத்யப்பிரியா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கீதாஞ்சலி பத்தாம் வகுப்பு. அவர்களைத் திருப்பூரிலேயே விட்டுவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறினார்.

பொன்னுச்சாமிக்கு அறுபது வயதிருக்கும். வேலைக்கு வருகிறவர்களையும் மரியாதை விட்டுப் பேசாதவர். முதல் நாளே ஜெயபாண்டியின் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க பாண்டி, பப்பாளிப் பால் பட்டா நல்ல தோலே வெந்துருமுங்க. இந்தக் கையை வெச்சுட்டு எப்படிப் பறிப்பீங்க?"

"வேற வழி இல்லய்யா. துணி சுத்திக்கிட்டுப் பறிக்கிறேன்."

அடுத்த வாரம் சத்யப்பிரியா கழிவு பனியன் துணியில் எட்டு ஜோடி கையுறை தைத்து அனுப்பினாள். அதன்மேல் ரப்பர் உறை போட்டுக்கொண்டு அவர் பறித்தார். ஆறு மாதத்தில் உள்ளங்கை வெடிப்பு மூடியது.

பொன்னுச்சாமிக்கு வேறொரு கவலை இருந்தது. அடியில் மஞ்சள் கீற்று விழுந்ததும் பழத்தைப் பறிப்பார்கள். பறிக்கும்போது ஒரு பொட்டுக்கூடத் தெரியாது. திருப்பூர் போய் மூன்றாம் நாள் தோலில் குண்டூசி முனை அளவு கறுப்புப் புள்ளி வரும். மறுநாள் அது காசு அளவு பள்ளமாகி நீர் கசியும். பூஞ்சை பிஞ்சிலேயே தோலுக்குள் நுழைந்து படுத்துக்கொள்கிறது, பழம் இனிக்க ஆரம்பித்ததும் எழுந்துகொள்கிறது என்று உடுமலையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் சொன்னார்கள். வியாபாரிகள் இதற்குப் பழத்தையே மருந்துத் தண்ணீரில் முக்கினார்கள். பழுக்க வைக்கக் கார்பைடு கல் வைத்தார்கள். பொன்னுச்சாமிக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

"நம்ம ஊட்டுக் கொழந்தைக்குக் குடுக்க யோசிக்கற பழத்தை அடுத்தவங்களுக்கு எப்படிங்க ஏத்தியுடறது?" என்பார்.

அந்தக் கூட்டத்தில் கொடுத்த தாளில், பப்பாளியை நாற்பத்தொன்பது டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து எடுத்தால் பூஞ்சை செத்துவிடும், எந்த மருந்தும் வேண்டாம் என்று போட்டிருந்தது. பொன்னுச்சாமி கல்யாண அண்டா ஒன்றை அடுப்பில் ஏற்றி முப்பது பழத்தைப் போட்டுப் பார்த்தார். பாதிப் பழம் வெந்து தோல் தடித்துப்போனது. மீதிப் பழத்தில் வழக்கம்போல் புள்ளி வந்தது. தோட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாண்டி மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

"ஐயா, தெர்மாமீட்டர் வச்சீங்களா?"

"கையை வெச்சுப் பாத்தனுங்க."

"கையில பாத்தா நாப்பத்தஞ்சும் ஒண்ணுதான், அம்பத்தஞ்சும் ஒண்ணுதான். அடியில தீ எரியுது, மேல தண்ணி சும்மா நிக்குது. அடியில கெடந்த பழம் வெந்திருக்கும். மேல கெடந்ததுக்குச் சூடே போயிருக்காது. பழத்தைப் போட்டதும் தண்ணியோட சூடு வேற எறங்கும். அதையும் கணக்குப் பண்ணித்தான் ஏத்தணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் திருப்பூரில் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனார்கள். மூடிப்போன சாயப்பட்டறை ஒன்றின் துருப்பிடிக்காத இரும்புத் தொட்டி கிடைத்தது. அறுநூறு லிட்டர் பிடிக்கும். அதைப் பழ ஷெட்டுக்குப் பக்கத்தில் செங்கல் வைத்து நிறுத்தி, கீழே தென்னை மட்டை எரிக்க அடுப்புக் கட்டினார்கள். தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிவரச் சின்னதாக ஒரு மோட்டார் வைத்தார் ஜெயபாண்டி. தொட்டியின் இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர் கட்டினார். ஒரு தடவைக்கு அறுபது கிலோ பழம்தான். தண்ணீர் ஐம்பத்தொன்றில் நிற்கும்போது பழக்கூடையை இறக்குவார். இரண்டு டிகிரி இறங்கி, தாளில் சொன்ன சூட்டுக்கு வந்து நிற்கும். ஏறினால் மட்டையை வெளியே இழுப்பார், இறங்கினால் உள்ளே தள்ளுவார். இருபது நிமிடம் கண்ணை எடுக்க மாட்டார். எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டு, நிழலில் காற்றாடிக்கு அடியில் காயவைப்பார்.

முதல் சோதனைக்கு இருபது பழம் முக்கினார், இருபது பழம் முக்காமல் வைத்தார். ஏழாம் நாள் முக்காததில் பதின்மூன்றில் புள்ளி. முக்கியதில் மூன்றில்தான்.

"என்னுங்க பாண்டி இது," என்று பொன்னுச்சாமி ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று மதியம் தன் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்துத் தன் கையால் சோறு போட்டார்.

எல்லாமே சரியாக வந்துவிடவில்லை. கற்றாழைச் சோற்றை மசித்து வடிகட்டிப் பழத்துக்குப் பூச்சாகப் பூசினால் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று தாளின் பின்பக்கம் இருந்தது. பூசினார்கள். ஐப்பசி மழையில் பூச்சு காயவே இல்லை. பழமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வாடை வந்தது. அதை விட்டுவிட்டார்கள். ஆனால் இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் ஆற்று மணலைக் கொட்டி, மணலில் தண்ணீர் விட்டு ஜெயபாண்டி கட்டிய குளிர் அறை நன்றாக வேலை செய்தது. மேலே தென்னங்கீற்றுக் கூரை. மின்சாரம் கிடையாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று ஈர மணலில் பட்டு உள்ளே சில்லென்று இருக்கும். அதில் வைத்த பழம் எட்டு நாள், ஒன்பது நாள் கூடக் கெடாமல் கிடந்தது.

இந்தப் பழத்தைத் தேடி ஆள் வந்தது அடுத்த வருடம். ஆஃப்ரின் என்று ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவிநாசிப் பக்கம் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் தொழிலாளர் விடுதிகளை நிர்வாகம் செய்தாள். மூன்று விடுதி, எல்லாம் வெளி மாநிலத்துப் பெண்கள். அதிகமும் ஒடிசாக்காரர்கள்.

"எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர் அனுப்பற ஆளுக சமையக்கட்டு வரைக்கும் வந்து பாப்பாங்கண்ணா," என்றாள். "போன தடவை பழத்துல என்ன மருந்துன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நீங்க என்ன போடறீங்க?"

"வெந்நீர்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி. வந்து பாருங்க."

வந்து பார்த்தாள். இருபது நிமிடமும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வாரம் இரண்டு நடை, ஒரு நடைக்கு முந்நூற்றைம்பது கிலோ என்று பேசி முடித்தாள். தோட்டத்தில் விளைவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவரை பழம் எடுத்துக்கொண்டிருந்த வியாபாரியிடம் இனி இல்லை என்று சொல்லிவிட்டார் பொன்னுச்சாமி.

அந்த ஒரு வருடம் ஜெயபாண்டி நிம்மதியாக இருந்தார். திங்களும் வியாழனும் விடிவதற்குள் குட்டியானை வண்டியில் பழம் ஏற்றிக் கிளம்புவார். விடுதியில் இறக்கிவிட்டு நேராக வீட்டுக்குப் போவார். கீதாஞ்சலி பள்ளிக்குக் கிளம்பும் நேரம். பத்து நிமிடம் பார்க்கலாம். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்குச் சத்யப்பிரியா வீட்டுக்கு வருவாள். ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு அவர் வண்டியை எடுப்பார். பழம் போவதால்தான் அவரும் வீட்டுக்குப் போகிறார் என்பதை இரண்டு பேருமே சொல்லிக்கொண்டதில்லை.

விடுதிப் பெண்கள் பப்பாளியை அமிர்தபண்டா என்றார்கள். அவர்கள் மொழியில் பழத்துக்கே அதுதான் பெயராம். காயாகவும் கொஞ்சம் வேண்டும், பருப்போடு வேகவைக்க என்று கேட்டார்கள். பப்பாளிக்காயைப் பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட மாட்டேன், சூடு என்று சமையல்காரம்மா முரண்டு பிடித்தார். பெண்களே சமையற்கட்டில் புகுந்து சமைத்து, முதல் தட்டை அந்த அம்மாவுக்கே கொடுத்தார்கள். ஜெயபாண்டிக்கும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு நடையிலும் ஐந்து கிலோ காய் தனியாக எடுத்துப் போனார்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை ஏற்றியது. திருப்பூரில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். ஜெயபாண்டி செய்தியைக் கேட்டார். அது துணிக்காரர்கள் பாடு என்று நினைத்தார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆஃப்ரின் கூப்பிட்டாள். அன்று காலைதான் ஆறு தொட்டி பழம் முக்கி எடுத்துக் குளிர் அறையில் அடுக்கியிருந்தார்.

"அண்ணா, நாளைக்கு லோடு வேண்டாங்ண்ணா."

"வெள்ளிக்கெழம கொண்டாரட்டா?"

"தெரியலைங்ண்ணா. ஷிப்மெண்ட் நின்னுபோச்சு. ரெண்டு விடுதிய காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பொண்ணுக ஊருக்கு டிக்கெட் போட்டுட்டு இருக்காங்க. நானே சொல்றேன், கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார். குளிர் அறையின் மணலுக்கு நாளுக்கு இரண்டு முறை ஊற்றும் தண்ணீரை நான்கு முறை ஊற்றினார். பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் அழுந்திய பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தார். முந்திப் பழுத்ததைப் பக்கத்துப் பழத்தோடு வைத்தால் அதுவும் சேர்ந்து பழுத்துவிடும் என்பதால் கீற்று அகன்றதையெல்லாம் தனியாகப் பிரித்தார். வெள்ளிக்கிழமை பழம் நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் நன்றாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. தினமும் காலையில் ஆஃப்ரினைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அறுபது பேர் ரயிலேறிட்டாங்கண்ணா," என்றாள் ஒரு நாள். மறுநாள், "ஆபீஸ்ல கேட்டேன், இன்னும் ஒண்ணும் சொல்லலைங்ண்ணா." அதற்கடுத்த நாள் அவள் எடுக்கவில்லை.

பழைய வியாபாரிக்குப் போன் போட்டார் பொன்னுச்சாமி. அவர், இப்போது எங்கு பார்த்தாலும் பப்பாளிதான், ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். ஜெயபாண்டி நூற்றைம்பது கிலோவை ஏற்றிக்கொண்டு திருப்பூரில் ஜூஸ் கடை ஜூஸ் கடையாகப் போனார். பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் முடிந்து கூட்டம் நிற்கும் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பழம், எட்டுப் பழம் என்று வாங்கினார்கள். ஒரு கடைக்காரர் பழத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல பழமுங்க. குடிக்கத்தான் ஆளைக் காணோம்," என்றார்.

அன்று வீட்டுக்கும் போனார். சத்யப்பிரியா வீட்டில்தான் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க, அங்க பழத்தை வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருக்கீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். மீதிப் பழத்தில் பத்தை எடுத்து அக்கம்பக்கம் கொடுத்தாள். கீதாஞ்சலி ஒரு பழத்தை அறுத்து மூன்று தட்டில் வைத்தாள். நல்ல சிவப்பு. மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மரம் அதற்குள் அடுத்த பழத்தைக் காட்டிவிட்டது. சாயப்பட்டறையில் ஆர்டர் நின்றால் மெஷினை நிறுத்துவார்கள். இங்கே ஒரு ஏக்கர் முழுக்க ஒவ்வொரு மரத்திலும் கழுத்தைச் சுற்றிப் பழம் இருந்தது. பறிக்காமல் விட்டால் மரத்திலேயே பழுத்துக் காக்காய் கொத்திக் கீழே விழும். விழுந்தால் பழ ஈ வரும், பூஞ்சை பரவும், பிஞ்சும் கெடும். பறித்துத்தான் ஆகவேண்டும். பறித்தார், முக்கினார், அடுக்கினார். குளிர் அறை நிரம்பி ஷெட்டிலும் பழம் நின்றது.

பொன்னுச்சாமியின் மச்சினர் ஒருவர் காய்கறி வியாபாரம் செய்தார். அவரிடம் பெரிய குளிர்பதன அறை இருந்தது. கேரட்டும் பீன்ஸும் வைப்பது. ஒரு மூலை காலியாக இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவந்து வையுங்கள் என்று அவர் சொன்னார். பொன்னுச்சாமி அதைக் கேட்டுவிட்டு வந்த மாலை முகம் தெளிந்திருந்தார்.

"நாளைக்கு ஐந்நூறு கிலோ ஏத்திருங்க பாண்டி. ஒரு பத்து நாள் தள்ளுனா அந்தப் புள்ளை எதாச்சும் வழி சொல்லும்."

"ஐயா, அங்க எத்தனை டிகிரி?"

"நாலோ அஞ்சோ சொன்னாருங்க."

ஜெயபாண்டி தயங்கினார். "பப்பாளிக்குப் பன்னண்டுக்குக் கீழ ஆகாதுன்னு அந்தத் தாள்லயே போட்டிருக்குய்யா. ரொம்பக் குளுந்துட்டா அப்புறம் பழுக்கவே பழுக்காதாம்."

"கேரட்டுக்கு வெச்ச குளிரை நமக்காக மாத்தச் சொல்ல முடியுங்களா?" என்றார் பொன்னுச்சாமி. குரலில் கோபம் இல்லை. "இங்கயே கெடந்தா மூணு நாள்ல போயிரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

அதுவும் உண்மைதான். ஜெயபாண்டி தாளை எடுத்துக் காட்டியிருக்கலாம். வேண்டவே வேண்டாம் என்று நின்றிருக்கலாம். நின்றிருந்தாலும் பழத்துக்கு வேறு இடம் காட்ட அவரால் முடிந்திருக்காது. மறுநாள் ஏற்றினார்.

பதினோராம் நாள் ஆஃப்ரின் கூப்பிட்டாள். ஒரு விடுதியை மட்டும் வைத்திருக்கிறார்கள், நூற்றுப்பத்துப் பேர், இருநூறு கிலோ கொண்டுவரச் சொன்னாள். ஜெயபாண்டி மச்சினரின் குளிர்பதன அறைக் கதவைத் திறந்தபோது பழமெல்லாம் நேற்றுப் பறித்த மாதிரி இருந்தன. அதே பச்சை, அதே ஒற்றை மஞ்சள் கீற்று. பொன்னுச்சாமி ஒரு பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "பாத்தீங்களா," என்றார். ஜெயபாண்டியும் தாள் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். பழத்தை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. இரண்டு நாள் வெளியே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பொன்னுச்சாமி கூடையைத் தூக்கிவிட்டார். இவ்வளவு நாள் கழித்துக் கூப்பிட்டவளை நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லவும் பயமாக இருந்தது. ஏற்றிப் போய் இறக்கினார். வாசலில் நின்ற பெண்கள் ஏழெட்டுப் பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் தெரிந்த முகம் இரண்டுதான்.

மூன்றாம் நாள் ஆஃப்ரின் படம் அனுப்பினாள். தோல் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழி. அறுத்த பழத்தின் உள்ளே பாதி வெளுத்து, பாதி நீர் கோத்திருந்தது. அவர் படத்தை மூடுவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"பழுக்கவே இல்லீங்ண்ணா. ரப்பர் மாதிரி இருக்குது. பொண்ணுக குழம்பாச்சும் வெக்கலாம்னு பாத்தாங்க, கசக்குது. என்னாச்சுங்ண்ணா?"

சொன்னார். வேண்டாம் என்று தான் ஒரு தடவை சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"நீங்க வேணும்னு பண்ண மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுங்ண்ணா," என்றாள் அவள். "ஆனா ஆபீஸ்ல பாத்துட்டாங்க. இனிமே பழமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். போனை வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். பொன்னுச்சாமி வந்து கேட்டு, படத்தையும் பார்த்தார். "நீங்க சொன்னீங்க," என்றார். மிச்சமிருந்த முந்நூறு கிலோவை எருக்குழியில் கொட்டினார்கள். மாடுகூட அதை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது.

அதன்பிறகும் இரண்டு வாரம் ஜெயபாண்டி தொட்டியில் தீ மூட்டினார். வாங்க ஆளில்லை. இருந்தும் திங்களும் வியாழனும் பறித்து, ஐம்பத்தொன்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் பார்த்து எடுத்தார். பக்கத்துத் தோட்டங்களுக்குச் சும்மா கொடுத்துப் பார்த்தார். முதலில் வாங்கினார்கள். பிறகு, போன தடவை கொடுத்ததே இருக்கிறது என்றார்கள்.

"எதுக்குங்க பாண்டி இன்னும் மட்டையை எரிச்சுட்டு?" என்று பொன்னுச்சாமி கேட்டார்.

"நாலு நாள் கூட இருக்கும்லய்யா. அந்த நாலு நாள்ல யாராச்சும் கேட்டு வந்தா?"

பொன்னுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அணையப்போன மட்டையை அவரே உள்ளே தள்ளிவிட்டார்.

புரட்டாசியில் பழைய வியாபாரி வந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். குளிர் அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "இதெல்லாம் எதுக்குங்க? காயாவே பறிச்சுக் குடுத்துருங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மத்தது என்றால் என்ன என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். பொன்னுச்சாமி ஜெயபாண்டியைப் பார்த்தார். ஜெயபாண்டி மரங்களைப் பார்த்தார். கடைசியில் பொன்னுச்சாமி, "எடுத்துக்குங்க," என்றார். கீற்று விழாத பச்சைக் காய்களை ஜெயபாண்டியே பறித்து வியாபாரியின் வண்டியில் ஏற்றினார். வேகமாக ஏற்றினார். பால் வடிந்த காம்புகளைத் துடைக்கக்கூட இல்லை. ஐந்து வாரம் அப்படிப் போனது. ஆறாவது வாரம் வண்டி வரவில்லை. கேட்டபோது, வேறு இடத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது என்றார்கள்.

கார்த்திகையில் ஜேசிபி வந்தது. மரத்தைப் பிடுங்க ஒன்றரை நாள் ஆனது. பப்பாளி மரம் லேசு. தள்ளினாலே விழுந்துவிடும். காயோடு விழுந்த மரங்களை அப்படியே மடக்கி உழுதார்கள். மக்காச்சோளம் போட்டார் பொன்னுச்சாமி. அதைப் பறித்து முக்க வேண்டியதில்லை. ஜெயபாண்டியைப் போகச் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் அவருக்கு வேலையும் பெரிதாக இல்லை. வாரத்தில் நான்கு நாள் பக்கத்துத் தோப்புகளின் தேங்காய் லோடுக்கு வண்டி ஓட்டினார். அந்த லோடு காங்கேயம் பக்கம் போகும். திருப்பூர் வழியாகப் போகாது. மாதம் இரண்டு முறை பஸ்ஸில் வீட்டுக்குப் போய் வந்தார்.

மாசி மாதம் ஒரு நாள் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆஃப்ரினின் போன் வந்தது. ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறதாம். விடுதிக்கு நூற்றெண்பது பேர் வந்துவிட்டார்கள். ஆபீஸில் புது மேனேஜர், அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்றாள்.

"அந்தப் பழைய பொண்ணுக கொஞ்சம் பேரு திரும்பி வந்துருக்காங்கண்ணா. பப்பாளி அண்ணன் எங்கன்னு கேக்கறாங்க. வர்ற வியாழக்கிழமை கொண்டார முடியுங்களா?"

ஜெயபாண்டி வண்டியிலிருந்து சற்றுத் தள்ளி வந்தார்.

"மரமெல்லாம் எடுத்தாச்சு தங்கச்சி."

"எல்லாமேங்களா?"

"எல்லாமே."



"மறுபடி வெச்சா எத்தனை நாளாகுங்ண்ணா?"

"கன்னு வச்சு ஒம்பது, பத்து மாசம் ஆகும்."

"பத்து மாசம்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "அப்ப இந்தப் பொண்ணுக இருப்பாங்களோ, நானே இங்க இருப்பனோ தெரியலைங்ண்ணா."

"ஐயாகிட்ட கேட்டுப் பாக்குறேன்," என்றார் ஜெயபாண்டி. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். சோளம் ஆள் உயரம் வந்துவிட்டது.

"சரிங்ண்ணா. நான் வேற எங்காச்சும் பாக்கறேன். கையெல்லாம் இப்ப நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கு தங்கச்சி."

அவள் போனை வைத்தாள். வண்டிக்கு மேலே நின்றவர்கள் அடுத்த மூட்டைக்குக் காத்திருந்தார்கள். அவர் போய்த் தூக்கிக் கொடுத்தார்.